மதிலுக்கு வெளியே ஒரு கிணறு

ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் ஏறி இருந்ததுமே சொன்னார்:

"எங்களை வெளியில விட்டிட்டாங்கள் பிள்ளை. வெள்ளிக்கிழமை அம்மாளாச்சிக்குப் பொங்கப்போறன்."

"என்னக்கா, வெளியில விட்டதுக்கோ பொங்கல்?"

"பழைய துறைமுகப் பக்கம் இடிஞ்ச கட்டிடங்களை உடைச்சுக் கைத்தொழிற்பேட்டை கட்டப்போகினமெல்லே? முதல் கீறின படத்தில எங்கட நல்லதண்ணிக் கிணறும் பேட்டை மதிலுக்கு உள்ளுக்கை போயிட்டுது. மற்றக் கிணறெல்லாம் உவர். குடிக்க ஏலாது."

"ஐயோ, பிறகு?"

"ஒழுங்கையில உள்ள பொம்பிளையள் எல்லாரும் வெறுங்குடத்தோட பேட்டைக் கந்தோருக்குப் போய், பெரியவரின்ர மேசைக்கு முன்னால நிண்டனாங்கள். 'பேட்டை வேண்டாமெண்டு சொல்லேல்லை ஐயா, எங்கட பிள்ளையளுக்கும் வேலை வேணும். ஆனால் தண்ணிக்கு எங்க போறது?' எண்டு நான்தான் கேட்டனான்."

"பெரியவர் ஏசேல்லையோ?"

"இல்லை. தானே வந்து பார்த்தார். நேற்று எல்லைக் கட்டையளைப் பிடுங்கி, கிணறு வெளியில நிக்கத்தக்கதாத் தள்ளி அடிச்சிட்டுப் போனாங்கள்."

"அப்ப உங்கட மகள்?"

"அவள் பேட்டை கட்டி முடிஞ்சதும் அங்க தையல் வேலைக்குப் போகப்போறனெண்டு ஒற்றைக் காலில நிண்டவள். கிணறு போகுதெண்டு நான்தான் விடேல்லை. இனி ஏன் மறிக்கிறன்?"

இளையவர் சிரித்தார்.

"பண்ணைப் பாலம் வந்தால் என்னை எழுப்பிவிடும் பிள்ளை. இவ்வளவு நாளும் நித்திரை இல்லை."

வேலணை தாண்டும் முன்னரே மூத்தவரின் தலை இளையவரின் தோளில் சாய்ந்துவிட்டது. பாலம் வந்தது, போனது. இளையவர் எழுப்பவில்லை.