சஹனாவின் குப்பிகள்

எங்கள் ஆய்வகத்தில் காலையில் நுழைந்தால் கல்யாண வீட்டுச் சமையலறை மாதிரி மணக்கும், சார். நாங்கள் வளர்க்கும் பழ ஈக்களுக்கு ரவையும் வெல்லமும் கிண்டிப் போடுவோம். பி.எஸ்சி. இரண்டாம் வருஷத்திலேயே அந்தக் கரண்டியைப் பிடித்தவள் நான். மைசூரில் எந்த மாணவியும் அவ்வளவு குப்பி கழுவியிருக்க மாட்டாள்.

பிறகு சஹனா வந்தாள். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள், எல்லாருக்கும் மத்தூர் வடை கொண்டு வருவாள். ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர் கிடைக்கக்கூடிய சோதனையை, எங்கள் ஆய்வகத்தை நடத்தும் குசுமா மேடம் அவளிடம் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்தச் சோதனைக்குக் கன்னி ஈக்கள் வேண்டும். கூட்டிலிருந்து வெளிவந்த கையோடு பெண் ஈக்களைத் தனியே பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் ஆணோடு சேர்ந்துவிடும். பிறகு குப்பியில் புழு நெளிந்தால், பிரித்தவள் கோட்டைவிட்டாள் என்று அர்த்தம். அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

சாயங்காலம் அவள் கிளம்பியதும் ஒவ்வொரு குப்பியிலும் ஓர் ஆண் ஈயை விடுவேன். காலையில் அவள் வருவதற்குள் மயக்கிப் பொறுக்கி எடுத்துவிடுவேன். நுணுக்கமான வேலை.

"என்னம்மா சஹனா, உன் கன்னிங்க எல்லாம் பிள்ளை பெத்துக்கிட்டே இருக்காங்களே?" என்றார் மேடம். எல்லோரும் சிரித்தார்கள். "இன்னொரு தடவை புழு வந்தா வேலையை வினுதாகிட்ட கொடுத்துடுவேன்" என்று என்னைக் காட்டினார்.

சஹனா என்னிடம்தான் வந்து அழுதாள். "பாத்துப் பாத்துத்தான்டி பிரிக்கிறேன். என் கண்ணுலதான் கோளாறா?"

"நீ லேட்டா வர்றடி. விடியறதுக்கு முன்னாடி வா."

வந்தாள். அவள் சீக்கிரம் வர வர, ஹாஸ்டலில் நானும் சீக்கிரம் எழ வேண்டியிருந்தது. அந்தக் கஷ்டத்தை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

"தூக்கமே இல்ல வினுதா. வண்டி ஓட்டுறப்ப கண்ணு சொக்குது."

"இன்னும் கொஞ்ச நாள்தானே? பல்லைக் கடிச்சுக்கோ."

அன்றைக்கு ஆண் ஈக்களை எடுத்து முடித்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தேன். உட்கார முடியவில்லை, ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தேன். வழியில் சாலையோரம் ஒரு கரும்பு லாரி நின்றுகொண்டிருந்திருக்கிறது. நின்ற லாரிதான், சார். அவள்தான் போய் மோதினாள். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

சோதனையை நான் முடித்தேன். என் குப்பிகளில் ஒரு புழுகூட வரவில்லை. மேடம் என் கண்ணைப் பாராட்டினார்.

இப்போதும் விடியும் முன்பே விழித்துவிடுகிறேன். எடுக்க வேண்டிய ஈ எதையோ விட்டுவிட்டது போல விரல்கள் துழாவுகின்றன. அந்தத் தொல்லை தாங்காமல்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கட்டுரையும் வெளிவந்துவிட்டது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் சஹனாவின் பெயரைப் போடச் சொன்னவள் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.