கூடப் பிறந்தவளின் கையெழுத்து

— வாயைத் திற. ஆறிப்போனா கவிச்சியடிக்கும். கத்தி பட்ட உடம்புக்கு மீன் சூப்புதான்டி மருந்து.

— நானே குடிப்பேன், குடுங்க பாவ்-ச்சூ அக்கா.

— கையில ஊசியை வச்சுக்கிட்டுப் பெரிய வீராங்கனை. இந்தா பாரு யா-வென், இங்க வெறும் அக்கான்னு கூப்பிடு. கூடப் பொறந்தவளை எவளாவது பேரைச் சேர்த்துக் கூப்பிடுவாளா?

— மறந்துட்டேன்கா. முந்தாநாள் ஏதாவது துருவிக் கேட்டாங்களா?

— அப்பா பேரு, அம்மா பேரு. நீ சொல்லிக் குடுத்ததை ஒப்பிச்சேன். ஜாடையே இல்லையேன்னா ஒருத்தி. அவ அப்பனைக் கொண்டிருக்கா, நான் ஆத்தாளைன்னேன். படிவத்தை நீட்டினா, அக்கான்னு கையெழுத்துப் போட்டேன்.

— மூணு ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பினாங்க. சொந்தக்காரங்க கையெழுத்துப் போடாம கத்தி வைக்க மாட்டோம்னு.

— எட்டு மாசமா ரத்தம் போகுது, நீ கறுப்புக் கால்சட்டையை மாட்டிக்கிட்டு வீடு விக்கிறவன் விளம்பரப் பலகையை நாள்கூலிக்குப் பிடிச்சுக்கிட்டு முச்சந்தியில நின்ன. மயங்கி விழுந்தியே, அந்தக் கம்பெனிக்காரன் முதல்ல பலகையைத்தான் தூக்கினான்.

— சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது. கட்டியைக் காட்டினாங்களா?

— காட்டினாங்க. ஒரு தட்டுல வச்சு.

— பெருசா?

— கொய்யாப்பழம் மாதிரி. குடி.

— அடுத்த மாசம் குவோ-ஷெங்குக்கு அறை கிடைக்குதாம்க்கா. சன்னல் வச்ச அறை. என்னையும் வரச் சொல்றான். கட்டியை எடுத்துட்டா பிள்ளை பெத்துக்கலாம்னு டாக்டர் சொன்னாருல்ல, அதைச் சொன்னேன். நேரா கோயிலுக்கு ஓடி, பிள்ளை வரம் குடுக்கிற அம்மன்கிட்ட பிறை மாதிரி இருக்கிற ரெண்டு கட்டையை உருட்டிக் குறி கேட்டிருக்கான். மூணு தடவையும் சரின்னே விழுந்துச்சாம்.

— அம்மனுக்கென்ன, அவளுக்குத் தலைக்கு மேல கூரை இருக்கு.

— ஏன்க்கா இப்படிப் பேசுறீங்க?

— பூங்காவுல அட்டையை விரிச்சுப் படுக்கிறவன் சன்னலைப் பத்திப் பேசினா வேற எப்படிப் பேசுறது? போன வருஷமும் அடுத்த மாசம்னுதான் சொன்னான்.

— இந்தத் தடவை நெசம்தான். அது சரி, எனக்கு மறுபடி மாதவிலக்கு எப்ப வரும்னு நர்சுகிட்ட கேட்டேன். உங்க அக்காவைக் கேளுங்கன்னு போயிட்டாங்க. உங்ககிட்ட ஏன் கேக்கணும்?

— இனி வராது.

— வராதுன்னா?

— கட்டியோட பையும் போச்சு. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. சூப்பைத் தட்டி விடாத.

— கட்டி மட்டும்தான்னு சொல்லித்தானே என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க.

— நீ மயக்கத்துல கிடந்த. பாதியில டாக்டர் வெளிய வந்தார். ரத்தம் நிக்கலைன்னார்.

— உசுரைக் காப்பாத்தத்தான் எடுத்தாங்களா?

— ம்.

— அப்ப வேற வழி இல்ல. குவோ-ஷெங்கிட்டயும் அப்படியே சொல்லிடுறேன். நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். ரெண்டு நாளா இதை மனசுல வச்சுக்கிட்டா எனக்கு ஊட்டி விட்டீங்க?

— எனக்கு ஆறுதல் சொல்லாதடி.

— நீங்க இல்லன்னா செத்திருப்பேன்க்கா.

— சொல்லாதங்கிறேன்ல. நான் எங்க பெத்தேன்னு தெரியுமா உனக்கு? பஸ் நிலையத்துக் கக்கூஸ்ல. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். விலாசம் கேட்டாங்க, திரும்பிட்டேன். அப்புறம் யாரோ கதவை உடைச்சாங்க. பிள்ளையைத் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனவங்க ஆணா பொண்ணான்னுகூடச் சொல்லல. மாரு வத்துறதுக்குப் பத்து நாளாச்சு.

— இதை இத்தனை நாளா சொல்லவே இல்லையே. இப்ப ஏன்க்கா சொல்றீங்க?

— அன்னிக்கே ரத்தம் நின்னுருச்சுடி. டாக்டர் அதைச் சொல்லத்தான் வெளிய வந்தார். பையைத் தைச்சு வச்சிடலாம், பின்னாடி பிள்ளை பெத்துக்குவாங்க, ஆனா கட்டி திரும்ப முளைக்கலாம், மாசாமாசம் வந்து காட்டணும், என்ன செய்யலாம்னு கேட்டார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— நாங்க தெருவுல படுக்கிறவங்க, எடுத்துடுங்கன்னேன். அதுக்கப்புறம் அவர் ஒரு கேள்வியும் கேக்கல.