அறுபத்துநாலு ஜிபியும் முழுசாக

பென் டிரைவைப் பிடுங்கும் முன் கம்ப்யூட்டரிடம் சொல்லி அன்மவுண்ட் செய்யுங்கள் என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? யாரும் கேட்பதில்லை. என் சகலை மட்டும் கேட்பார். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன். நான் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

குடும்பத்தில் அவருக்குப் பட்டப்பெயர் குயில். நாலு பேர் கூடினால் போதும், "அத்தான், ஒரு பாட்டு" என்று என் மனைவி ஆரம்பித்துவிடுவாள். எனக்கும் பாட வரும். ஆனால் நான் தொண்டையைச் செருமினால், "தண்ணி வேணுமா?" என்பாள்.

போன வருடம் குயிலுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிருக்கு ஆபத்தில்லை, பாட மட்டும் முடியாது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முன்பே சகலை கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் பாடிக் காட்டாத தன் சொந்த மெட்டுகளை லேப்டாப்பில் பதிவுசெய்து பென் டிரைவில் ஏற்றினார். அந்த லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனே நான்தான். பிறகு அது மண்டையைப் போட்டது.

கடைக்கு வந்தார். குரல் கரகரத்தது. "அறுபத்துநாலு ஜிபி, சகலை. வீட்டு கம்ப்யூட்டர்ல நாலுதான் காட்டுது. பாட்டு ஒண்ணையும் காணோம். பொண்ணு கல்யாணத்துல போடணும். என் குரல்னு அவளுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"விட்டுட்டுப் போங்க. முழுசா ஆக்கித் தரேன்" என்றேன்.

லினக்ஸில் செருகினேன். இரண்டு பார்டிஷன், ஒரே வீட்டில் இரண்டு அறை மாதிரி. ஒன்று சின்னது. பெரியது லினக்ஸுக்கு மட்டும் தெரியும் வகை. பாட்டெல்லாம் அதில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் காப்பி எடுத்திருக்கலாம்.

ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். அதில் ஒரு தாலாட்டு, எனக்கே கண் கலங்கிவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டு மனப்பாடமே ஆகிவிட்டது. என் மனைவி கேட்டால் ஆயுசுக்கும் இதைத்தான் பேசுவாள் என்று தோன்றியது.

சகலைக்கு அறுபத்துநாலும் வேண்டும். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பவன் நான். அன்மவுண்ட் செய்தேன். எந்த டிரைவ் என்று இரண்டு முறை சரிபார்த்தேன். வேறு யாருடையதையாவது அழித்துவிட்டால் பாவம். பழைய பார்டிஷன்களை நீக்கி, ஒன்றாக்கி ஃபார்மட் செய்தாலே போதும். ஆனால் அப்படி விட்டால் கெட்டிக்காரன் எவனாவது பாட்டுகளைத் தோண்டி எடுத்துவிடுவான். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை பூஜ்யம் எழுதிவிட்டுத்தான் ஃபார்மட் செய்தேன். நிச்சயமாகவா என்று லினக்ஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழில் தெரிந்தவனை அது மதிக்கும்.

"அறுபத்துநாலும் வந்துடுச்சு சகலை. பாட்டுதான் முன்னாடியே கெட்டுப்போயிருக்கு."

பென் டிரைவைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். எனக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க" என்று என்னைத்தான் தேற்றினார். தங்கமான மனுஷன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடு நிறைய ஆட்கள். பாடத்தான் ஆளில்லை. "நீங்களாவது ஒண்ணு பாடுங்களேன்" என்றாள் என் மனைவி. அந்தத் தாலாட்டைப் பாடினேன். எல்லோரும் அசந்துபோனார்கள். யார் பாட்டு என்று கேட்டார்கள். சொந்த மெட்டு என்றேன்.

சகலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்தது. பிறகு எழுந்து வெளியே போனார். அத்தனை கூட்டத்திலும் என் பாட்டின் அருமை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.