வாய் வைக்காத காப்பி

இருக்கட்டும் அபு மன்சூர், கப்பைக் கீழ வெச்சுட்டீங்க, நானும் பாத்துட்டேன். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? என் பொண்ணு ஹஸ்னாவை உங்க மகனுக்குக் கேக்க வந்திருக்கீங்க. நான் ஆகட்டும்னு சொல்ற வரைக்கும் வாய் வைக்க மாட்டீங்க. எங்கப்பா காலத்துலேருந்து இந்தக் கூடத்துல அதானே மொறை. ஆறிப்போனா வேற ஊத்தித் தரேன், இருங்க.

அந்தத் திண்டை இழுத்துப் போட்டுச் சாஞ்சுக்குங்க. என்ன, தனியா வந்ததுக்குக் கூச்சமா? அட, விடுங்க. என் பெரியவன் நாயிஃபுக்குப் பொண்ணு கேக்க முப்பது பேரு போனோம். அந்த வீட்டு வாசல்ல செருப்பு விட எடமில்ல. திரும்பி வந்து பாக்குறேன், என் கால்ல ரெண்டும் எடது செருப்பு! இப்ப முப்பது பேருக்கு எங்க போறது? நாயிஃபே ஜெர்மனியில கெடக்கான். உங்க தெருவுல மட்டும் யாரு மிச்சம், சொல்லுங்க பாப்போம்... பாத்தீங்களா, வெரல் விட்டு எண்ண ஆளில்ல.

முன்னெல்லாம் காலையில இந்த உரல்ல காப்பிக்கொட்டை இடிச்சாப் போதும், சத்தம் கேட்டு தெருவே வந்து உக்காந்துரும். யாரையும் தனியா கூப்பிட வேணாம். இப்பவும் இடிக்கிறேன். தெனமும், தாளம் தப்பாம. மொத கப்பை நானே குடிச்சுக் காட்டுறேன், விஷமில்ல, தைரியமா குடிங்கன்னு. யாருக்குக் காட்டுறேன்? செவத்துக்கு. சிரிக்காதீங்கய்யா! மிச்சத்தை ஹஸ்னா மத்தியானம் கொட்டிட்டுப் பானையைக் கழுவி வெப்பா. அவ அம்மா போய் எட்டு வருஷமாச்சு. இந்த வீட்டுல எனக்குக் கேக்குற ஆள் சத்தம் அவ ஒருத்தியோடதுதான்.

இல்லல்ல, உங்க பையன் மேல ஒரு குறையும் இல்ல. அறுப்புல பாத்திருக்கேன், நிமிராம வேலை செய்வான். அதில்ல பேச்சு. நீங்க இதைக் குடிச்சதும் எந்திரிச்சுப் போயிருவீங்க. பின்னாலயே அவளும் போயிருவா. அப்புறம் எனக்கு யாரு? வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்குப் பயமா இருக்கு.

உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க, தெரியுமா? எப்படித் தெரியும், நான் வெளிய விட்டாத்தானே. ஒருத்தரு நாலு வருஷத்துக்கு முன்ன, இன்னொருத்தரு போன வருஷம். நீங்க உக்காந்திருக்கிற எடத்துலயேதான் உக்காந்தாங்க, இதே மாதிரி கீழ வெச்சாங்க. ரெண்டு பேருகிட்டயும் பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டேன். வாய் நனைக்காம எந்திரிச்சுப் போனாங்க. எங்கப்பா இருந்திருந்தா என்னைச் செருப்பாலயே அடிச்சிருப்பாரு.

அவ என்ன சொல்லுவா? அவளுக்குத் தெரிஞ்சாத்தானே! ரெண்டு தடவையும் ஆலிவ் பறிக்கப் போயிருந்தா. நான் அவளைக் கேக்கவே இல்ல. தன்னைக் கேட்டு ஒரு மனுஷனும் வரலன்னு நெனச்சுக்கிட்டே முப்பத்தொரு வயசாச்சு அவளுக்கு.

நேத்து நீங்க ஆள் விட்டுச் சொன்னப்பதான் மொத மொதல்ல கேட்டேன். சரின்னா. உடனே சரின்னா, அபு மன்சூர். நான் கேட்டு முடிக்கக்கூட இல்ல.

என்ன, மெதுவா பேசணுமா? கதவுக்குப் பின்னால ஹஸ்னா நிக்கிறாளேன்னா? தெரியுமே, நீங்க வந்ததுலேருந்து அங்கதான் நிக்கிறா. அவ மொகத்தைப் பாத்து இதைச் சொல்ற தைரியம் எனக்கு வரல, அதான் இங்கேருந்து சத்தமா சொல்லிட்டேன். ஆகட்டும், குடிங்க சம்பந்தி.