ஒன்றும் ஆகாததற்கு ஒரு கும்பிடு

“…எங்க போர்மேனு என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாகக்கா, அம்புட்டுப் பேரு முன்னாடி.”

சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகும் காலைப் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னாள். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவள். பக்கத்தில் இருந்த அக்கா நம்பவில்லை.

“உன்னையவா? நீ என்ன இருக்கன்குடி மாரியாத்தாளா?”

“நேத்து வெடிமருந்து கலக்கயில மருந்து சூடேறி கை சுடுற மாதிரி இருந்துச்சு. எல்லாரும் வெளிய ஓடுங்கன்னு கத்திட்டேன். எல்லா ரூமும் காலி. கடைசியில பாத்தா மருந்து நல்லாத்தான் இருக்கு. தீவாளி ஆர்டர் நேரத்துல அரைநாள் வேலை போச்சு. பயந்தாங்கொள்ளின்னு ஆளாளுக்கு ஏசுதாக. இன்னையோட நம்ம வேலை போச்சுன்னு அழுதுக்கிட்டு நிக்கேன்.”

“பெறகு?”

“போர்மேனு எல்லாரையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டாக. ‘ஒண்ணும் ஆகலைன்னு இன்னைக்கு இவளை ஏசுனா, நெசமாவே சுடுற அன்னைக்கு எவளும் வாயைத் திறக்க மாட்டா’ன்னு சொல்லித்தான் கும்பிட்டாக.”

அந்நேரம் ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டார். குறுக்கே வரப் பார்த்த ஆடு, வராமல் ஓரத்திலேயே நின்றுவிட்டது. பேருந்து முழுக்க அவரை ஏசியது.

“ஆடு அங்கன நிக்கி. இதுக்கா எங்க மண்டையை உடைச்சீக?”

ஆலை நிறுத்தம் வந்தது. பின்வாசல் பக்கத்திலேயே இருந்தும் அவள் அதில் இறங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அத்தனை பேர் பார்க்க, ஓட்டுநரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.