விதை மல்லாட்டைக்கு யார் சாட்சி?

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பெருந்தகை விருத்தாசலம் ஐயா அவர்களே! விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம். அழகாகப் பேச ஆசைதான். ஆனால் என் மனம் நிலைகொள்ளவில்லை. சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள். ஆயிரம் தளங்களிலிருந்து நம் கடைத் தளங்களுக்கு இணைப்பு வாங்கி, கூகுளில் முதலிடம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் நிறுவனத்துக்குச் சம்மதம் தரப் போகிறீர்கள். தூக்குமுன் கேளுங்கள்.

இதோ, முன்வரிசையில் கிளியனூர் சவுரியம்மாள். விதை மல்லாட்டை, அதாவது விதைக்கான நிலக்கடலை விற்பவர். முன்பெல்லாம் கைப்பேசியில் விதை தேடும் உழவர் கண்ணில் இவர் தளம்தான் முதலில் படும். காதுகுத்துக்குப் பேனர் அடிக்கிறோமே, எத்தனை முகமோ அத்தனை மரியாதை என்று! சிரிக்காதீர்கள், என் பின்னால் தொங்கும் பேனரிலும் வராதவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே நினைப்பில் இவர் மருமகன் அலெக்ஸ், கண்ட தளங்களிலிருந்தெல்லாம் மாமியார் தளத்துக்கு இணைப்பு வாங்கினார்.

என்ன தளங்கள்? பெயர் சமையல், உள்ளே சூதாட்டம். பெயர் மருத்துவம், உள்ளே வீட்டுமனை. எழுதியவர் யார்? தெரியாது. முகவரி? கிடையாது. படிப்பவர்? ஒருவரும் இல்லை. ஒரு தளம் இன்னொரு தளத்துக்குத் தரும் இணைப்பு, அதை நம்பலாம் என்று சாட்சி சொல்வது போல. கேட்டவர்க்கெல்லாம் இணைப்புக் கொடுக்கும் தளம், யாருக்குச் சாட்சி? எவருக்குச் சாட்சி? விலைக்கு வாங்கிய இணைப்பு என்று தேடுபொறி கண்டுகொண்டது, சவுரியம்மாளைக் கண்காணாத பக்கத்துக்குத் தள்ளியது.

அது மார்கழிப் பட்டம். விதைக்கும் நேரத்தில் போன் அடிக்கவில்லை. இணையதள வேலை பார்க்கும் என்னிடம் ஓடி வந்தார்.

"பட்டம் போய்க்கினே இருக்குதும்மா. மூட்டை அப்படியே கெடக்குது. எம்பேரு எங்க போச்சு?"

உட்கார்ந்தோம். இணைப்புத் தந்த தளங்களுக்குத் தரம் அளக்கும் கருவி போட்ட மதிப்பெண்ணை நம்பாமல் ஒவ்வொன்றாகத் திறந்தோம். விதை வாங்குபவர் இங்கே வந்து படிப்பாரா? படிக்காத தளங்களுக்கெல்லாம் இணைப்பை நீக்கச் சொல்லி எழுதினோம். நீக்காதவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளுக்குத் தெரிவித்தோம். மிஞ்சியது ஒன்று. திருவாமாத்தூர் விவசாயி பெரியசாமி, இந்த விதை வயலின் எந்த மூலையில் முளைத்தது, எந்த மூலையில் முளைக்கவில்லை என்று தன் தளத்தில் படத்தோடு எழுதியிருந்தார். கேட்காமல் கிடைத்த இணைப்பு! இன்று உழவர்கள் அதைப் படித்துத்தான் வருகிறார்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

தளம் மெல்ல மேலே வருகிறது. போன பட்டம் வருமா? விற்காத விதையைச் சவுரியம்மாள் செக்குக்கு அனுப்பினார். வயலில் முளைக்க வேண்டியது எண்ணெயாய்ப் போனது, அன்பர்களே!

அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் மேடையோரம் நிற்கிறார். என் மீதி நேரத்தை அவருக்கே தருகிறேன். ஐயா, ஆயிரம் வேண்டாம். ஒரே ஒரு தளத்தை இந்தத் திரையில் திறந்து காட்டுங்கள். நாங்கள் படித்துப் பார்க்கிறோம். பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.