கடுகு செய்த சோதனை

மிளகுத்தூள் நைசாக இருக்க வேண்டும். கொரகொரவென்று இருந்தால் தண்ணீரில் அமிழ்ந்துவிடும், பிள்ளைகளுக்குச் சப்பென்று போய்விடும். ஒரு தட்டில் தண்ணீர், மேலே மிளகுத்தூள், சோப்பு தொட்ட ஒரு விரல். விரலை நடுவில் வைத்ததும் தூள் மொத்தமும் ஓரத்துக்கு ஓடும். முதன்முதலாக அதைப் பார்த்தபோது என் மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்போது அவளுக்கு ஏழு வயது. ஆள் சின்னது, வாய் பெரியது என்பதால் கடுகு என்றுதான் கூப்பிடுவேன்.

எழுதிக்கொள்ளுங்கள் மேடம், நிதானமாகவே சொல்கிறேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம் உதவியாளராக இருந்தவள் நான். அவசரப்பட்டால் கண்ணாடி உடையும் என்பது தெரியும்.

அந்த வருடம்தான் கடுகின் அப்பா போனார். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். கதவைக்கூடச் சாத்தாமல் போய்விட்டார். வேறொருத்தி என்று பிறகு தெரிந்தது. நான் அழவில்லை, யோசித்தேன். வெளியே போக முடிவதால்தான் மனிதர்கள் போகிறார்கள். அவ்வளவு எளிய விஷயம்.

அண்ணன் வீட்டில் விட்டுப் படிக்கவைக்கப் போவதாகச் சொல்லி, கடுகின் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கினேன். நகரத்தின் இன்னொரு மூலையில், ஒரு தையல்கடைக்கு மேலே இரண்டு அறை கிடைத்தது. கடைக்காரம்மாவிடம், "நான் ஒண்டிக்கட்டைங்க" என்றேன். கடை விடுமுறையன்று மகளைக் கூட்டி வந்தேன். கீழே நாள் முழுக்கத் தையல் மிஷின் ஓடும். மேலே ஒரு குழந்தை நடப்பது யாருக்கும் கேட்காது.

கதவைப் பூட்டிவைக்கும் காட்டுமிராண்டித்தனம் எனக்கு ஆகாது. ஏழு வருடத்தில் ஒருநாள்கூடப் பூட்டியதில்லை. காரணம் புரிந்துவிட்டால் பிள்ளைக்குப் பூட்டு எதற்கு? வெளிக்காற்று அவள் உடம்புக்கு ஆகாது என்றேன். சொன்னதோடு விடாமல் நிரூபித்தும் காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு ரொட்டித்துண்டு, உள்ளே ஒன்று. நாலாம் நாள் வெளியே இருந்தது பச்சைப் பூசணம் பூத்துக் கிடந்தது. அதில் மட்டும் காலையும் மாலையும் நான் தண்ணீர் தெளித்திருந்தேன். கடுகு அதைப் பார்த்துவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஒருமுறை எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடிக் காட்டினேன். சுடர் சுருங்கி அணைந்தது.

"உள்ள இருந்தாத்தானேம்மா அணையுது?" என்றாள்.

"அது டம்ளர்டி. நமக்கு ஜன்னல் இருக்குல்ல?"

"அதத்தான் நீ தொறக்கவே விடமாட்டேங்கிறியே."

அதற்குப் பிறகு மெழுகுவத்தியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன். எல்லாச் சோதனையும் எல்லா வயதுக்கும் ஏற்றதில்லை.

பத்து வயதில் ஒருநாள் அவள் கைக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெட்டுத்துணி இருந்தது. கடை வாசல்வரை போய் வந்திருக்கிறாள். நான் திட்டவில்லை. சாயங்காலம் ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். அதில் என்ன கலந்தேன் என்பதை எங்கள் பள்ளி ஆய்வக அலமாரியைச் சோதனை போட்டு நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அளவில் நான் மிகக் கவனமாக இருந்தேன். இரண்டு நாள் வாந்தி. தலையைப் பிடித்துக்கொண்டேன், வாய் துடைத்துவிட்டேன், கண்ணை மூடவில்லை. "இனிமே போகமாட்டேம்மா" என்று என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவ்வளவு நெருக்கமாக நாங்கள் அதற்கு முன் இருந்ததில்லை.

ஒரே ஒரு முடிவை வைத்து எதையும் நிறுவ முடியாது. அடுத்த மூன்று வருடத்தில் அவள் மூன்று முறை படி இறங்கினாள். மூன்று முறையும் பால் கொடுத்தேன்.

பிறகு நெடுநாள் ஒன்றுமில்லை. அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். போன மாதம், நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவளே சொன்னாள்.

"இன்னிக்குக் கீழ போனேம்மா. பத்து நிமிஷம் நின்னேன்."

பாலைக் காய்ச்சினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தாள். இந்த முறை மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் நான் வேலைக்குப் போனபின், சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கித் தையல்கடைக்குள் போயிருக்கிறாள்.

"யாரும்மா நீ?" என்று கேட்டாராம் கடைக்காரம்மா.

"மாடில இருக்கேன். ஏழு வருஷமா."

நீங்கள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

அவள் படுக்கைக்கு அடியில் எடுத்ததாக இந்த நோட்டை முன்னால் வைத்தீர்கள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தானே கோடு போட்டுத் தைத்திருக்கிறாள். முதல் ஆறு வரிசையும் ஒன்றுபோல: கீழே போனேன், அம்மாவிடம் சொல்லவில்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஏழாவது வரிசை: கீழே போகவில்லை, போனேன் என்று பொய் சொன்னேன், பால் குடித்தேன், வாந்தி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கே அது பிடிபடாது. எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தெரிந்தேதான் குடித்தாளா என்று கேட்டீர்கள். பாதி தெரிந்திருக்கும். அது வெறும் பாலாக இருந்துவிடாதா என்று மீதிப் பாதி நினைத்திருக்கும். சிறுநீரகங்கள் கெட்டுவிட்டன, இனி வாரத்துக்கு மூன்று நாள் அவளுக்கு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னீர்கள். நான் எதையும் மறுக்கவில்லை. ஐந்து முறையும் கொடுத்தது நான்தான். தெரிந்தே, அளந்தே கொடுத்தேன்.

கடைசிப் பக்கத்தில் 'முடிவு' என்று தலைப்புப் போட்டு, கீழே காலியாக விட்டிருக்கிறாள் பாருங்கள். எழுத மனசு வராமல் விட்டிருக்கிறாள் என்கிறீர்கள். உங்களுக்கு அவளைத் தெரியாது மேடம். நாங்கள் செய்த எல்லாச் சோதனையிலும் அந்த இடத்தில் நான் சொல்லச் சொல்லத்தான் அவள் எழுதுவாள். எனக்காகத்தான் விட்டுவைத்திருக்கிறாள். அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள்.